கடைமடை நாலு ஏக்கர்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: எனக்கு வயது 37. பதினாறு வருடமாகத் திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம் மாவட்டம், தலைஞாயிறு பக்கம். அப்பாவுக்கு 66 வயது. அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. சொந்த நிலம் நாலு ஏக்கர், குத்தகைக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்). 2018 கஜா புயலில் கொல்லைத் தென்னை எல்லாம் போயிற்று. 2021 ஜனவரியில் அறுக்க வேண்டிய நெல் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரியிலும் அதே கதை. அந்த ஆண்டு சம்பாவுக்கோ தண்ணீரே எட்டவில்லை. 2024 நவம்பர் கடைசியில் பயிர் மூழ்கியது. ஒவ்வொரு தடவையும் நான் பணம் அனுப்பித்தான் கடன் அடைகிறது. எங்கள் தெருவில் முப்பது வீட்டில் பதினோரு வீடு பூட்டிக் கிடக்கிறது. நிலத்தை விற்றுவிட்டு அப்பாவை இங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எல்லாம் பருவநிலை மாற்றம் என்கிறார்களே, அப்படியானால் இனி சரியாகவே ஆகாதா? என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது விற்க வேண்டாம். குத்தகை ஆறு மாவை இந்தப் போகத்தோடு விட்டுவிடுங்கள், அல்லது வாரத்துக்கு, அதாவது விளைந்ததில் பங்கு என்ற ஏற்பாட்டுக்கு, மாற்றுங்கள். அப்பாவை, அவராக வருகிறேன் என்று சொல்லும் வரை, அழைத்து வராதீர்கள். நீங்கள் அனுப்பும் பணத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன். அனுப்பும் மாதத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை. முப்பது வருடத்துக்கு மேல் வேளாண் துறையில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் வெண்ணாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் சுற்றியவன். அதனால் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ‘நஷ்டம்’ என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு நோய். கஜா காற்று. 2023 சம்பா தண்ணீர் இல்லாத நோய்: அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-ல் முறையாகத் திறந்தது, ஆனால் அணையில் இருப்பு தீர்ந்து அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். 2024 நவம்பர், இளம் பயிர் மூழ்கியது. 2021 ஜனவரியும் 2023 பிப்ரவரியும் வேறு ரகம்: விளைந்து, பழுத்து, அறுவடை மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்த நேரத்தில் பெய்த மழை. உங்கள் ஊரைக் காலி பண்ணுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நோய்தான் என்பது என் அபிப்பிராயம்.

விதைத்த மாதத்தில் பயிர் போனால் போனது விதையும் உழவுக் கூலியும். மறுபடி தெளிக்கலாம், இல்லை என்றால் சும்மா போட்டுவிடலாம். கதிர் முற்றியபின் போனால் உரம், களை, மருந்து, ஆள் கூலி என்று எல்லாச் செலவும் செய்து முடித்தபின் போகிறது. எங்கள் பக்கம் ஏக்கருக்கு முப்பதாயிரம் வரை இறங்கியிருக்கும், அதில் பாதி கடனாக இருக்கும். அதுமட்டும் இல்லை. சாய்ந்த நெல்லை அறுக்க டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு மணி வாடகை அதிகம். அறுத்துக்கொண்டு போனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிடுவார்கள். தளர்வு ஆணை வருவதற்குள் ரோட்டில் கொட்டிய நெல் முளைத்துவிடும். 2023 பிப்ரவரியில் அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் எட்டாயிரம் சொச்சம். மிச்சத்தை யார் கட்டியது? நீங்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. பனி ஈரத்திலேயே வந்துவிடும். நெல் பணம் கடனுக்குப் போகும், உளுந்துப் பணம்தான் வீட்டுக்கு. பெண்கள் கைக்கு வரும் காசும் அதுதான். ஜனவரி கடைசியில் வயலில் தண்ணீர் நின்றால் நெல்லோடு உளுந்தும் அழுகிவிடும். ஒரே மழையில் இரண்டு அறுவடை போகிறது, பத்திரிகைச் செய்தியில் ஒன்றுதான் வரும்.

சரி, இது பருவநிலை மாற்றமா? ஒரு மழையைக் காட்டி ‘இதுதான் அது’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. நாகப்பட்டினம் 1952-லும் 1977-லும் புயலில் அடிபட்ட ஊர்தான். உங்கள் அப்பாவைக் கேட்டால் 1977-ஐ வீடு வீடாகச் சொல்வார். ஆனால் போக்கு என்று ஒன்று இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரு நாள் கொட்டும். வங்கக் கடலின் மேற்பரப்பும் சூடாகிக்கொண்டே வருகிறது. அதனால் மாதம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் பெய்துவிட்டு, மிச்ச நாள் வெயிலடிக்கிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூட இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். நாலு வருடம் கழித்து அதே ஜனவரியில் நெல் தண்ணீரில் மிதந்தது.

இரவுச் சூடு இன்னொரு விஷயம். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையப் பண்ணையில் நீண்ட கால விளைச்சல் கணக்கை வைத்து 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. பயிர்க்காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது என்றார்கள். இது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். அப்பா ‘மகசூல் முன்ன மாதிரி இல்ல’ என்று சொன்னால் உரத்தைக் குறை சொல்வோம்.

ஆனால் கடைமடையில் வானத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2-ல் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. இதில் மழையும் உண்டு, கர்நாடகத்தோடு நமக்கு உள்ள வழக்கும் உண்டு. திறந்த பிறகும் கல்லணை தாண்டி, முறை வைத்து, உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர வாரக்கணக்கில் ஆகும். தாமதமாக வந்த தண்ணீருக்குத் தாமதமாக விதைத்தால் ஜனவரி இரண்டாம் வாரம் அறுக்க வேண்டியது பிப்ரவரிக்குப் போகும். பழைய கணக்கில் பிப்ரவரி பயமில்லாத மாதம், பனியும் வெயிலும்தான் இருக்கும். 2023-ல் பிப்ரவரி முதல் வாரமே இலங்கையைக் கடந்துவந்த தாழ்வு மண்டலம் அந்தக் கணக்கைக் கெடுத்தது. ஆக, ஒரு பக்கம் தண்ணீர் பிந்துகிறது, மறுபக்கம் மழை பிந்துகிறது. இரண்டுக்கும் நடுவில் அப்பாவின் நெல் மாட்டிக்கொள்கிறது.

அப்புறம் வடிகால். அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் உங்களுக்குப் பாசன ஆறும் அதுவே, வடிகாலும் அதுவே. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டால் மேலே தஞ்சாவூர்ப் பக்கம் பெய்த மழையும் சேர்ந்து உங்கள் வயலில்தான் வந்து நிற்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. நிலம் தட்டையாக இருப்பதால் உயரமான கடல் என்பது உங்களுக்கு மூடிய மதகு மாதிரி. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் பகுதியில் இந்த ஆறுகளைச் சீரமைத்தார்கள். கரையும் கடைமடை மதகும் நன்றாக வந்த இடங்களை நானே பார்த்தேன். அதற்குள் போகும் கிளை வடிகால், தெரு ஓரத்துக் கன்னி வாய்க்கால் எல்லாம் யார் பொறுப்பு என்பதில்தான் இன்னும் இழுபறி.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020-ல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயிக்கு சி.ஆர். 1009 சப் 1 போடச் சொன்னேன். வெள்ளம் தாங்கும் ரகம் என்று பெயர் வாங்கியது. நவம்பரில் நிவர், டிசம்பரில் புரெவி, இரண்டிலும் பயிர் மூழ்கி எழுந்தது. அவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஜனவரி மழையில் கதிரோடு சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, பச்சையாக முளைத்தது. ‘முங்கினாலும் தாங்கும்னு சொன்னீங்களே சார்’ என்றார். தாங்கும் என்று சொன்னது உண்மைதான்: இளம் பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். பழுத்த கதிருக்கு அந்த வித்தை தெரியாது என்பதைச் சொல்லாமல் விட்டேன். அடுத்த மாதம் அவருடைய மகன் எர்ணாகுளத்தில் கட்டட வேலைக்குப் போனான். என் ஆலோசனையில் ஒரு ஆள் ஊரைவிட்டுப் போனான் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பையன் ஏன் போனான் என்பதை யோசித்தால் உங்கள் தெருவின் பதினோரு பூட்டும் விளங்கும். அவன் வெயிலுக்குப் பயந்து போகவில்லை, மழைக்கும் பயந்து போகவில்லை. மார்ச்சில் தவணை வந்தது, போனான். இடப்பெயர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் வறண்ட வயலையும் தலையில் மூட்டையையும் படம் போடுவார்கள். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படிக் கிளம்பவில்லை. சொசைட்டி நகைக்கடன் மீட்கும் தேதி, மகளிர் குழுத் தவணை, மருந்துக்கடைப் பாக்கி என்று ஏதோ ஒரு தேதிக்கு வீட்டில் ஒருவர் பஸ் ஏறுவார். முதலில் ஆறு மாதம் என்பார். அப்புறம் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் வருவார். பிள்ளையைத் திருப்பூர்ப் பள்ளியில் சேர்த்த வருடம் வீட்டுக்குப் பூட்டு வாங்குவார்.

போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்களும் இல்லை. உங்கள் ஊரில் முதலில் போனது யார் என்று அப்பாவைக் கேளுங்கள். நிலமில்லாத காலனி ஆட்களாக இருக்கும். நடவுக்கு மெஷினும் நேரடி விதைப்பும் வந்ததும் பெண்களுக்கு வேலை நாள் குறைந்தது, குறுவை இல்லாத ஆண்டில் சுத்தமாக இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தமாகச் சாகுபடி செய்பவர்கள் சுமார் 51 லட்சம் பேர், 2011-ல் 42 லட்சம். அதே பத்தாண்டில் விவசாயக் கூலித் தொழிலாளர் 86 லட்சத்திலிருந்து 96 லட்சம் ஆனார்கள். பெரிய கணக்குப் பார்த்தால் பலர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் நிலத்தைவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கும் கீழே, பஸ் கட்டணமும், அட்வான்ஸ் கொடுக்க ஒரு தெரிந்த மேஸ்திரியும் இல்லாததால் கிளம்பக்கூட முடியாமல் இருப்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசுக்காக 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வறிக்கை இவர்களைத்தான் ‘சிக்கிக்கொண்டவர்கள்’ என்றது. பூட்டின வீட்டைப் பார்த்து நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எனக்கு வருத்தம் பூட்டாத சில வீடுகளைப் பார்த்து.

2050-க்குள் பருவநிலைக் காரணங்களால் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்கள் உலகில் 21.6 கோடி பேர் வரை, அதில் தெற்காசியாவில் மட்டும் 4 கோடி என்று உலக வங்கி 2021-ல் மதிப்பிட்டது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. அந்த அறிக்கையிலேயே, முன்கூட்டி வேலை செய்தால் இந்த எண்ணிக்கையை 80 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது ‘நாட்டுக்குள்ளேயே’ என்ற சொல்லை. நாகப்பட்டினத்துக்காரன் இடம்பெயர்வது புதிதில்லை. நம் துறைமுகத்திலிருந்தே பினாங்குக்குக் கப்பலேறின ஆட்கள் நாம். இப்போது கப்பலுக்குப் பதில் திருப்பூர் பஸ்.

போன தடவை ஊருக்குப் போனபோது உங்கள் பக்கத்தில் நடவு நட்டது யார், பார்த்தீர்களா? நிறைய ஊரில் மேற்கு வங்கத்து ஆட்கள்தான் நடுகிறார்கள். நம் ஆட்கள் ‘எப்படி இவ்வளவு நேராக நடுறாங்க’ என்று வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 2009 மே மாதம் ஐலா புயல் மேற்கு வங்கத்துக் கடலோரச் சுந்தரவனத்தில் கடல் நீரை வயலுக்குள் கொண்டுவந்தது. உப்பேறிய வயலில் வருடக்கணக்கில் நெல் விளையவில்லை. அங்கிருந்து கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கிளம்பியவர்கள் ஏராளம். உங்கள் அப்பா வயலில் நட்டவர் அந்த ஊர்க்காரரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள், இந்தி கொஞ்சம் வந்தால் போதும்.

இனி உங்கள் நாலு ஏக்கர்.

குத்தகையை விடச் சொன்னேன். காரணம் இது: குத்தகை என்றால் மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடித்தது, விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. மழை ஒழுங்காக இருந்த காலத்தில் குத்தகைதான் உழுபவனுக்கு லாபம். மூன்று வருடத்தில் ஒரு வருடம் போகும் காலத்தில் அது உழுபவன் தலையில் கல். அது மட்டுமா? நிவாரணமும் காப்பீடும் அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிப் பதிவேட்டில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்காரர் பெயரைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தாயிற்று, ஆனால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பல நிலக்காரர்கள் எழுத விடுவதில்லை. அப்பா பாடுபட்ட ஆறு மாவுக்கு இதுவரை எந்த நிவாரணமும் அவருக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சொந்த நிலத்துக்குக் காப்பீடு கட்டாயம் செய்யுங்கள். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். கடைசி வாரம் சர்வர் தொங்கும், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். சர்வே எண்ணும் பேங்க் கணக்கும் சரியா என்று ரசீதை நீங்களே வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இழப்பீட்டை உங்கள் வயலைப் பார்த்துப் போடுவதில்லை, வருவாய்க் கிராமத்தில் சில இடத்தில் அறுத்துப் பார்த்த சராசரி விளைச்சலை வைத்துப் போடுகிறார்கள். ஊர் மொத்தமும் போனால் உங்களுக்கும் வரும். உங்கள் தாழ்ந்த வயல் மட்டும் போனால் வராமலும் போகலாம், இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுத்துக் காயப்போட்டிருந்த நெல் பதினாலு நாளுக்குள் மழையில் போனால் தனியாகக் கேட்கலாம், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த விதிகளை எல்லாம் 66 வயதுக்காரர் ஓடிப் பார்க்கவேண்டியதில்லை. போன் வைத்திருக்கும் நீங்கள் பாருங்கள்.

அடுத்தது ரகம். சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால நெல் 155, 160 நாள் எடுக்கும். ஆகஸ்ட் நடுவில் விதைக்க முடிந்தால் ஜனவரி கடைசியில் அறுப்பு. செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனால் அறுப்பு பிப்ரவரி 17-க்குப் போகிறது. அதே செப்டம்பர் 10-ல் 135 நாள் ரகம் போட்டால் ஜனவரி 23. விளைச்சலில் ஏக்கருக்குச் சில மூட்டை குறையலாம், அப்பா முணுமுணுப்பார். நாலு ஏக்கரையும் ஒரே ரகத்தில் போடாதீர்கள் என்பதுதான் நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது. இரண்டு ஏக்கர் இது, இரண்டு ஏக்கர் அது. இரண்டும் ஒரே வாரத்தில் பழுக்காது, ஒரே மழையில் இரண்டும் போகாது. ஆற்றுத் தண்ணீர் வரும் வரை நாற்றங்காலுக்குக் காத்திருக்காமல், ஆடி ஆவணி மழையில் புழுதியில் நேரடி விதைப்புச் செய்ய உங்கள் பக்கத்து மண் தோது. அப்பா அதை எனக்குச் சொல்லிக்கொடுப்பார், நான் அவருக்கு இல்லை.

பணம். இதுதான் உங்கள் கையில் இருப்பது. இதுவரை எப்போது அனுப்பினீர்கள்? பயிர் போனபின், கடன்காரர் வந்தபின். அதே தொகையை ஆகஸ்ட், செப்டம்பரில் அனுப்பிப் பாருங்கள். விதை, உழவு, முதல் உரம் மூன்றும் கைக்காசில் நடந்தால் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது. பயிர் போனாலும் போனது முதல் மட்டும், அதன்மேல் ஏறிய வட்டி இருக்காது. சொசைட்டிப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, அதை மட்டும் எடுக்கட்டும். தள்ளுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். 2021-ல் 12,110 கோடி தள்ளுபடி ஆனது, அதை நம்பி அடுத்து வாங்கியவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், பதினாறு வருடமாக அந்த வயலுக்கு உண்மையான காப்பீடு நீங்கள் அடிக்கும் ஒன்றரை ஷிப்ட்தான். ஊரைவிட்டுப் போய்விட்டோமே என்ற குற்ற உணர்ச்சி உங்களுக்கு இருந்தால், அது வேண்டாம். நீங்கள் போகாமல் இருந்திருந்தால் நிலம் 2018-லேயே போயிருக்கும்.

அப்பாவை அழைத்து வருவதைப் பற்றி. லைன் வீடு என்றால் இரண்டு அறைதான் இருக்கும், நீங்கள் காலை எட்டுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்கு வருவீர்கள். அவர் தெருவில் யாரிடம் மேட்டூர் நீர்மட்டம் பேசுவார்? சும்மா உட்கார்ந்து ஒரு வருடத்தில் தளர்ந்துபோன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தனியாக இருப்பவர், உடம்புக்கு வந்தால் என்ன என்ற கவலை நியாயம்தான். உங்கள் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ.-யில் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம், வருமான வரம்பு உண்டு, கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். ஊரில் சாப்பாட்டுக்கு உறவுக்காரர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று வெட்கப்படாமல் பேசிக் கொடுங்கள். நாலு ஏக்கரில் இரண்டை அவர் பார்க்கட்டும், இரண்டை வாரத்துக்கு விடட்டும். ஒரேயடியாகப் பிடுங்கவும் வேண்டாம், முழுச் சுமையும் வேண்டாம். அண்ணனிடம் பேசும்போது அப்பாவை உட்காரவைத்துப் பேசுங்கள். எழுந்து போகிறார் என்றால், அவர் இல்லாமலே நீங்கள் முடிவெடுத்துவிட்டு வந்து சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு நிலைமையில் நானே விற்கச் சொல்வேன்: உப்பு. கோடையில் கடல் நீர் ஆற்றில் ஏறும் ஊர், பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் இன்னும் மோசம். மழையில் பயிர் போனால் அடுத்த வருடம் வரும். நிலம் உப்பானால் வராது. அதனால் வயல் மண்ணையும் போர்த் தண்ணீரையும் மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) எண்ணைக் குறித்து வையுங்கள். 4-க்கு மேல் போனால் உவர் நிலம், அதாவது உப்பு ஏறிய நிலம் என்று கணக்கு, நெல்லுக்கு மூன்றிலேயே வலிக்க ஆரம்பிக்கும். உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது சோடியம் ஏறி இறுகிய களர் நிலத்துக்கு மருந்து, உவருக்கு இல்லை. உவரை நல்ல தண்ணீர் கட்டி, கரைத்து, வடித்துத்தான் போக்க வேண்டும். வடிகால் அடைபட்ட ஊரில் அது எவ்வளவு நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்று வருடம் எடுத்து, மே மாத எண் ஏறிக்கொண்டே போனால் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். அப்போதும் நஷ்டப்பட்ட வருடத்தில் விற்காதீர்கள், கேட்பவர் அதைத் தெரிந்துகொண்டுதான் விலை சொல்வார். நல்ல அறுப்பு முடிந்த சித்திரையில் பேசுங்கள். எண் ஏறவில்லை என்றால் நிலம் இருக்கட்டும். உங்கள் மகளோ மகனோ அதை என்ன செய்வார்கள் என்பதை இப்போதே நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை.

வருகிற மே மாதம் மண்ணும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு எண்ணையும், அப்பாவுக்கு நினைவிருக்கும் கடைசிப் பத்து வருட விதைப்பு, அறுப்புத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தேதியை நீங்கள் யூகிக்க வேண்டாம், அவரிடம் கேட்டு எழுதுங்கள்.